பட்டைக் கெண்டையும் ரூத் மேடமும்

தாம்பரம் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் டிரெயினுக்காக நின்றிருந்தபோது கல்லூரி அட்டெண்டர் ஓடிவந்து சொன்னார்: "ரூத் மேடம் போயிட்டாங்க சார்." முந்தின நாள்வரை பாடம் நடத்தியவர். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. விலங்கியல் துறையில் அவரோடு ஓயாமல் சண்டை போட்டவன் நான். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கும் அது தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் மேடம் டாக்டர் பட்டத்துக்காக வலையும் ஜாடியுமாக ஏரி ஏரியாக அலைந்தார். செம்பாக்கம் ஏரியில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கெண்டை கிடைத்தது. உடம்பில் கறுப்புப் பட்டைகள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத மீன். கூட வந்து வலை போட்ட மீன்காரர், "இன்னா மேடம், கொயம்புக்குக்கூட ஆவாது, இதுக்கா இம்மாம் சந்தோசம்?" என்றார். பிறகு எவ்வளவு தேடியும் இன்னொன்று அகப்படவில்லை.

புதிய இனம் என்று அறிவிக்க அந்த மீனையே ஃபார்மலினில் போட்டுச் சாட்சியாக வைக்க வேண்டும். துறைத் தலைவர் அவசரப்படுத்தினார். மேடமோ அதைத் தொட்டியில் வளர்த்தார். "இது குஞ்சா, வளர்ந்த மீனான்னே தெரியலையே சார். வளரட்டும்" என்பார். அது செத்து அழுகிவிட்டால் மீனும் போச்சு, பட்டமும் போச்சு.

கோடையில் ஒரு நடுப்பகலில் கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் ஃபார்மலின் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். "போடுங்க மேடம்! இன்னும் கொஞ்ச நேரத்துல ஒண்ணும் மிஞ்சாது!" அவர் பாட்டிலை வாங்கவில்லை. ஒரு மக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். கரண்ட் வரும்வரை ஊற்றினார். நான் திட்டிக்கொண்டே நின்றேன். மீன் நிமிர்ந்தது.

மழைக்காலத்துக்குள் மீன் வளர்ந்து, பட்டைகள் மங்கி மறைந்தே போயின. எல்லோருக்கும் தெரிந்த பழைய கெண்டையின் குஞ்சுதான் அது.

"அன்னைக்கே போட்டிருந்தா இன்னிக்கு நீங்க டாக்டர்" என்றார் தலைவர்.

"இல்லாத மீனுக்கு டாக்டராகியிருப்பேன் சார்" என்று சிரித்தார் மேடம். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். பட்டம் கடைசிவரை வாங்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவருடைய அம்மா என் கையைப் பிடித்தார். "ஏதோ புது மீனுக்கு 'உன் பேர் வெக்கப்போறேம்மா'ன்னு சொல்லிக்கிட்டிருந்தாளே சார், வெச்சாளா?"

ஆமாம் என்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வாய் வரவில்லை. "இல்லம்மா" என்றேன்.

"அப்ப அது புது மீனா இருந்திருக்காது. அவ பாத்தா சரியாத்தான் பாத்திருப்பா" என்றார் அந்த அம்மா.

மேடம், உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'இல்லம்மா'தான். இன்னும் கஷ்டப்பட்டுத்தான் சொல்கிறேன்.