அதே சுரம், கொஞ்சம் கீழே

போன சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு ஸ்டெல்லா வரவில்லை.

அக்கரப்பத்தனை மாதா கோயிலில் நான் கிட்டார் வாசிப்பவள். ஸ்டெல்லா எங்கள் குழுவின் நல்ல குரல். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அந்தக் குரல் தடித்துவிட்டது. மேலே ஏறினால் உடைகிறது.

பயிற்சி முடிந்ததும், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

"என்னைய விட்டுருங்கக்கா. பொம்பளைங்க எல்லாரும் மேல பாடையில, நான் மட்டும் கீழ கெடந்து இழுத்தா பாட்டே கெட்டுரும்."

அந்த வாரம் முழுக்க ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது — வீடியோ பார்த்துக் கிட்டாரில் ஆக்டேவ், அதாவது ஒரே சுரத்தை இரண்டு உயரத்தில் சேர்த்து வாசிப்பதை, பழகிக்கொண்டிருந்தேன். தடித்த ஆறாவது கம்பியில், மூன்றாவது ஃபிரெட் கட்டத்தில் ஒரு விரல். நாலாவது கம்பியில், ஐந்தாவது ஃபிரெட்டில் இன்னொரு விரல். நடுக்கம்பி சத்தம் போடாதபடி முதல் விரலின் நுனியால் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று கீழே, ஒன்று மேலே... இரண்டு சுரத்துக்கும் பெயர் 'ஜி'. அது எப்படி?

அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டு சத்தந்தான். ஆனா ஒட்டிக்கிட்டு ஒன்னு மாதிரியும் இருக்கு" என்றாள்.

போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து, பாட்டின் முதல் சுரத்தை வழக்கமான உயரத்தில் பாடினேன். திரையில் 'ஜி'.

"இப்ப நீ பாடு. ஒனக்கு வசதியான எடத்துல."

தயங்கித் தயங்கிப் பாடினாள். திரையில் அதே 'ஜி'.

நம்பாமல் போனை வாங்கி, மறுபடி பாடிப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற கணவர் அந்தோனியைப் பார்த்தாள். அவர் ஆண்கள் வரிசையில் பாடுபவர்.

"அப்ப இவரு இத்தன வருசமா நமக்குக் கீழ பாடுனதும் இதுதானாக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடிய ஒவ்வொரு ஞாயிறும் ஆக்டேவைத்தான் கேட்டிருக்கிறேன். இதற்கா வீடியோ வீடியோவாகத் தேடினேன்?

மறுநாள் ஞாயிறு பூசைக்கு ஸ்டெல்லா வந்தாள். பெண்கள் வரிசையின் ஓரத்தில் நின்று, கீழேயே பாடினாள். ஓரிடத்தில் குரல் நடுங்கியது, நிறுத்தவில்லை. பாட்டு கெடவில்லை, கனத்தது.

அந்தோனிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்... இதுவரை கீழ் ஸ்தாயியில் வீட்டுக்குள் அவருக்குப் போட்டியே இருந்ததில்லை.