பெண் பார்க்கப் போன கிடார்

ரஞ்சன்குடி கோட்டைக்கு எப்படிப் போவது, வழியில் சாப்பாடு கிடைக்குமா என்று மூன்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். "அந்தப் பக்கமெல்லாம் நீங்கள் அந்தக் காலத்திலேயே சுற்றியிருப்பீர்களே" என்று ஒருவர் வேறு ஏற்றிவிட்டிருக்கிறார். சுற்றினேன், நன்றாகவே சுற்றினேன். முதல்முறை போனது எண்பத்து நாலு மாசியில். கோட்டைக்காக அல்ல, என் நண்பன் மனோகரனுக்குப் பெண் பார்க்க. கோட்டையையும் காட்டுகிறேன் என்று ஆசை காட்டித்தான் என்னைக் கூட்டிப்போனான். அன்றைக்குக் கோட்டையின் ஒரு கல்லைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வழியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது, என்ன செய்ய.

மனோகரன் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். வயது முப்பத்து நாலு. அப்பா அம்மா இல்லை. பொன்மலை ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். அங்கே ஒரு ஆங்கிலோ இந்திய வீட்டு ஜன்னலில் கேட்ட ரெக்கார்டுகள்தான் அவனைக் கெடுத்தன. ப்ளூஸ் என்பார்கள். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் முதுகொடிய உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. இவன் அதைப் பாட மாட்டான், குரல் கிடையாது. கிடாரில் வாசிப்பான். தொழிற்சாலையில் அறுத்தெடுத்த ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் இழுப்பான். சினிமாவுக்கும் சேராது, கச்சேரிக்கும் சேராது. எல்லாம் அவனாகப் போட்டுக்கொண்ட மெட்டு. ஒன்றுக்கும் பெயர்கூட வைக்கவில்லை. ஊரில் கேட்க என்னைவிட்டால் ஆள் இல்லை. நானும் பாதி நாள் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.

கிடார்க்காரன் என்றால் குடிகாரன் என்று நினைத்த காலம் அது. நாலைந்து இடங்களில் அதைச் சொல்லியே தட்டிக்கழித்துவிட்டார்கள். அரியலூர்த் தரகர் சுப்பராயன்தான் இந்த இடத்தைக் கொண்டுவந்தார். குரும்பலூரில் ஒரு விவசாயக் குடும்பம். பெண் பெயர் கலையரசி. போட்டோவை மனோகரன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். "இதுவும் இல்லன்னா விட்டுடறேன்டா. இனிமே ஒருத்தர் வூட்டு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்" என்று ரயிலில் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை.

காலை ஆறரைக்குத் திருச்சியில் மீட்டர்கேஜ் பாசஞ்சர். அவன் நைட் ஷிப்ட் முடித்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். உட்கார இடம் கிடைத்தும் தூங்கவில்லை, மடியில் கிடார்ப் பெட்டி. எழுபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம். அரியலூரில் இறங்கியபோதே எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போட்ட வெள்ளைப் புழுதி மரம், மாடு, சைக்கிள் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. எங்கள் வெள்ளைச் சட்டை மட்டும் கறுப்பாகிவிட்டது, ரயில் கரியின் கைங்கர்யம்.

ஸ்டேஷன் வாசலில் தரகர் காத்திருந்தார். கிடார்ப் பெட்டியைப் பார்த்ததும் அவருக்குப் பரம திருப்தி. அதைக் கொண்டுவரச் சொன்னதே அவர்தான். "கையில ஒரு வித்தை இருக்குன்னு தெரியணும் தம்பி. மேடையில பாடுற மாப்ளன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நான் பாட மாட்டேங்களே" என்றான் மனோகரன்.

"அட, யாரு கேக்கப் போறா? வாங்க, பஸ்ஸு கெளம்பிடும்."

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனோம். கண்டக்டர் பெட்டியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"கிடாருங்க."

"உசுரு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப லக்கேஜ்."

ஐம்பது காசு. மனோகரன் சிரித்தான். அன்று முழுக்க அவன் சிரித்தது அது ஒன்றுதான். வழி நெடுகக் கரிசல் காடு. கடைசிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற பஸ்ஸுக்குள் எண்ணெயும் வியர்வையுமாக ஒரு வாடை. அரை மயக்கத்தில் பெரம்பலூரில் இறங்கி, ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டு, துறையூர் சாலையில் டவுன் பஸ் பிடித்துக் குரும்பலூர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டாகிவிட்டது.

நல்ல மனிதர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பெண்ணின் அப்பா நல்லுசாமி வாசலுக்கே வந்து "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ இருந்தது, மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். மூத்தவன் குமார் என்றும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்விட்டான் என்றும் தரகர் என் காதில் சொன்னார். வருஷம் திரும்பியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அழுவதில்லை. கல்யாணம் நடக்க வேண்டிய வீடு, பொழுது சாய விளக்கு வைக்கிற வீடு, அங்கே கண்ணீர் விட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று பெரியவர்கள் கட்டளை போட்டுவிட்டார்களாம். அம்மாக்காரி அதை அப்படியே காப்பாற்றிவந்தார். காப்பி கொண்டுவந்து வைத்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். துடைத்துவைத்த பாத்திரம்போல இருந்தது.

கலையரசி வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய் நிலைப்படி ஓரமாக நின்றுகொண்டாள். மனோகரன் அதற்குப்பிறகு கேசரியைத் தொடவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, பையன் விழுந்துவிட்டான். எல்லாம் கூடிவந்த மாதிரித்தான் இருந்தது. அப்போது பார்த்துப் பெண்ணின் மாமா ஒருவர் வாயைத் திறந்தார்.

"வழக்கமா பொண்ணத்தான் பாடச் சொல்லுவாங்க. இங்க மாப்ளயே பாட்டுக்காரராம்ல? ஒண்ணு எடுத்து வுடுங்க மாப்ள, கேப்போம்."

கூடமே சிரித்தது. தரகர் கூரையைப் பார்த்தார். பாட வராது என்று சொல்லியிருக்கலாம், தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மனோகரன் பெட்டியைத் திறந்து கிடாரை எடுத்துக் கம்பிகளை முறுக்கி, பித்தளைத் துண்டை விரலில் மாட்டினான். "பாட வராதுங்க, வாசிக்கிறேன்" என்றான். ஏதாவது சினிமா மெட்டாகக் குதித்து ஓடுகிற மாதிரி வாசிப்பான் என்று நான் நம்பினேன். கல்யாணக் காரியத்தில் சோகமாக எதுவும் வாசிக்கக் கூடாது என்று எந்த நாயனக்காரரைக் கேட்டாலும் சொல்வார். இவன் தன்னுடைய மெட்டுகளிலேயே மெதுவான ஒன்றை எடுத்தான்.

அதை நான் ஐம்பது தடவை கேட்டிருப்பேன். அன்றுதான் முழுதாகக் கேட்டேன். கீழ்க்கம்பியில் ஒரே சத்தம், நடந்து களைத்தவன் கால் வைப்பதுபோல. அதற்கு மேலே பித்தளை வழுக்கி வழுக்கி ஏறும், ஏற முடியாமல் பாதியில் நிற்கும், திரும்ப முதலிலிருந்து. நைட் ஷிப்ட் களைப்பு, நாலைந்து வாசல் ஏறி இறங்கிய களைப்பு எல்லாம் அதில் இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இத்தனை நாள் இதைக் கேட்டுக்கொண்டா தூங்கினேன் என்று இருந்தது.

உள்ளேயிருந்து முதலில் ஒரு டம்ளர் விழுந்த சத்தம். பிறகு அம்மாக்காரியின் குரல். "அய்யோ குமாரு... எஞ்சாமி..." வயிற்றிலிருந்து வந்த அழுகை அது. மனோகரன் கையை எடுத்துவிட்டான். அழுகை நிற்கவில்லை. ஒரு கிழவி "நல்ல காரியம் பேசுற எடத்துல என்னடி இது, வாயப் பொத்து" என்று அதட்டினாள். கலையரசி அம்மாவைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அபசகுனம்யா" என்றார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல எளவு கொட்ட வெச்சிட்டாரு. கட்டிக் குடுத்தா நெதம் அழ வெப்பாரு."

நல்லுசாமி எங்களை வழியனுப்பவும் எழுந்து வரவில்லை. வெளியில் வந்ததும் தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாமா தன்னைப் பிடித்துக்கொள்வதற்குள் ஒழிந்தால் போதும் என்று முதலில் வந்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் பெரம்பலூர் வந்து பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன்டா, வேற ஒண்ணுமே கெடைக்கலயா உனக்கு? சந்தோஷமா ஒண்ணு வாசிச்சா கை வெந்துடுமா?"

"சந்தோஷமா வாசிக்கத் தெம்பு இல்லடா" என்றான். "அதுவுமில்லாம, அந்தப் பொண்ணு கேட்டுட்டு நின்னுச்சு. நம்மகிட்ட இல்லாத ஒண்ண எப்படி வாசிச்சுக் காட்டுறது?"

கோட்டைக்கு இன்னும் இருபது கிலோமீட்டர், போகலாமா என்று கேட்டான் பாவம். கால் வரவில்லை. திருச்சி பஸ் ஒன்று கூட்டமாகப் போக, விட்டுவிட்டோம். அடுத்ததற்குக் காத்திருந்தபோது சைக்கிளில் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். நல்லுசாமி. எட்டு கிலோமீட்டர் மிதித்து வந்திருக்கிறார். காரியம் கைகூடிவிட்டது என்று நினைத்து நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"பொண்ணு விஷயமா வரல தம்பி, மன்னிச்சுக்குங்க" என்றார். "எம்பொஞ்சாதி இன்னும் அழுதுகிட்டுதான் இருக்கா. ரெண்டு பருக்க சோறும் தின்னுட்டா, அழுதுகிட்டே. நாந்தான்... எனக்கு அங்க வெச்சு முடியல. எல்லாரும் பாத்துகிட்டு இருந்தாங்க." கிடார்ப் பெட்டியைப் பார்த்தார். "அத இன்னொருக்கா வாசிங்களேன்."

பஸ் ஹாரனுக்கும் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்களின் கூச்சலுக்கும் நடுவில் மனோகரன் வாசித்தான். இரண்டாம் முறை பித்தளை ஏறி இறங்கும்போது நல்லுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யாரோ சொந்தத்தில் சாவு என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். முடித்த பிறகும் அவர் வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை.

"வார்த்த இருந்திருந்தா அது எவன் கதையோன்னு போயிருக்கும்" என்றார். "இதுல வார்த்த இல்ல. எம்புள்ள பேர நானே போட்டுக்கிட்டேன்." முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நல்லா வாசிக்கிறீங்க தம்பி. ஆனா பொண்ணு தர முடியாது. நீங்க மாப்ளயா வந்துபோற ஒவ்வொரு தடவயும் எங்களுக்கு அவன் சாவு ஞாபகம்தான் வரும். நாங்களும் பொழைக்கணும்ல?"

"சரிங்க" என்றான் மனோகரன். அவ்வளவுதான். அவனை உலுக்கி நாலு வார்த்தை பேச வைக்கலாமா என்று எனக்கு இருந்தது.

சைக்கிளை எடுத்தவர் திரும்பி நின்றார். "வர்ற ஆடியில அவன் தெவசம். அன்னைக்கு ஒரு நாள் வந்து வாசிப்பீங்களா? அவங்கம்மாதான் கேக்கச் சொன்னா."

அதற்கும் "சரிங்க" என்றான். மாப்பிள்ளையாகக் கூடாதாம், தெவசத்துக்கு வேண்டுமாம். இப்படிக் கேட்கவும் ஒரு மனசு வேண்டும், ஒப்புக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. திருச்சி வரை அறுபது கிலோமீட்டர், நான் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது போகிறவர்களுக்கு: பெரம்பலூருக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பஸ்தான் சுகம், நாலு வழிச் சாலை. அரியலூர் வழியாகத்தான் வருவேன் என்றால் ரயில்கள் இப்போது வேகம், ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ரஞ்சன்குடிக் கோட்டை பெரம்பலூருக்கு வடக்கே சென்னை சாலையை ஒட்டியே தெரியும். காலை ஒன்பதுக்குள் ஏறிவிடுங்கள், மேலே நிழல் கிடையாது. குடிதண்ணீர் கையோடு வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று பார்த்துவிட்டு வரலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நான் பிற்பாடு இரண்டு முறை ஏறினேன். நல்ல காற்று.

மனோகரன் அந்த ஆடிக்குப் போனான். அடுத்த ஆடிக்கும் போனான். சொன்னபடி வேறு எந்த வாசலுக்கும் போகவில்லை. கலையரசியை ஜெயங்கொண்டம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நாலாவது வருஷத் தெவசத்துக்கு அவள் இடுப்பில் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாளாம். வாசித்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு அவள்தான் இலை போட்டாள். சோறு வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நீங்க போன பின்னால உங்களக் கட்டிக்கிறியான்னு அப்பா என்னைக் கேட்டாருங்க. நான் சரின்னுதான் சொன்னேன்" என்றாளாம்.

"நீ என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"ரசம் கொஞ்சம் ஊத்தச் சொன்னேன்" என்றான்.