ஏழுமலை சைக்கிளுக்குப் போட்ட எண்ணெய்

ஏழுமலை பேசினால் மலையே நகரும் என்று ஏழுமலையே சொல்லிக்கொள்வான். அவன் பெண்டாட்டி அம்சவேணிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு சைக்கிள் சீட்டை ஒரே உயரத்தில் நிறுத்தத் துப்பில்லாத ஆள்!

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த காலம். நகரிக்குப் பக்கத்திலிருந்த தங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று, வேலைவெட்டியை விட்டுவிட்டுச் சைக்கிளில் சுற்றினான் ஏழுமலை. கிளம்பும்போது தாசில்தார் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். ஏரிக்கரை தாண்டுவதற்குள் சீட்டுக் கம்பி குழாய்க்குள் இறங்கி, முழங்கால் மோவாயில் இடிக்கும்.

காரணம் அம்சவேணிக்குத் தெரியும். ஆயுதபூசைக்கு வண்டிக்கு விளக்கெண்ணெய் தடவுவது ஊர் வழக்கம். இந்த மகாராசனோ வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைத்து, சீட்டைக் கழற்றி, கம்பிக்கும் அபிஷேகம் செய்வான். அப்புறம் வழுக்குகிறது என்று சைக்கிள் கடைக் கோவர்த்தனனை வைவான்.

"கம்பிக்கு எதுக்கு எண்ண? அதான் நிக்க மாட்டேங்குது."

"பொம்பளைக்கு இன்னா தெரியும்? போய் வேலையப் பாரு."

எந்தப் பக்கம் சேர விருப்பம் என்று ஊர்க்காரர்களிடம் நேரில் கேட்க ஒரு பெரிய ஆபீசர் நகரிக்கு வருவதாகச் சேதி வந்தது. "நான் வந்து பேசறேன். அதுவரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்று ஊரை மிரட்டி வைத்தான் ஏழுமலை.

அம்சவேணியின் தாய்வீடு திருத்தணிப் பக்கம். அது சென்னையோடு போய்விடும் என்றார்கள். தன் வீடும் அதே பக்கம் இருக்கவேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதனால் வெறுப்பை விழுங்கிக்கொண்டு, முந்தின நாள் மாலை கம்பியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, போல்ட்டை இறுக்கி வைத்தாள்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. சீட்டைக் கழற்றிப் பார்த்தவன் குதித்தான்.

"நல்ல காரியத்துக்குப் போற வண்டி! யாரு தொடச்சது?" என்று இரண்டு பங்கு எண்ணெய் ஊற்றினான்.

ஊரார் நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் நடப்பாரா? வழியெல்லாம் இறங்கி, சீட்டை இழுத்து, இறுக்கி, அவன் போவதற்குள் ஆபீசரின் ஜீப் கிளம்பிப் போய்விட்டது. ஆபீசர் திரும்பத் திரும்பக் கேட்டும் ஊரார் வாயே திறக்கவில்லையாம்; ஊர் ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டாராம். சொன்ன சொல் தட்டாத மண்டூகங்கள்.

"கோவர்த்தனன் கவுத்துட்டான். இல்லன்னா இன்னிக்கி ஊரே நகர்ந்திருக்கும்" என்றபடி வீட்டுக்குள் வந்தான்.

அம்சவேணி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"ஊரு இருந்த எடத்துலயேதான் கீது. உன் சீட்டுதான் எறங்கிச்சி. இந்தா, இன்னங் கொஞ்சம் ஊத்து."