‘ஜாப்’னு ஒரு வார்த்தை

எங்க கம்பெனியில நெட் செத்துப்போய் ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. முழுசாச் செத்திருந்தாக்கூடப் பரவாயில்லை. வெளிநாட்டுல இருந்து ஆர்டர் தர்ற பையருக்கு மெயில்ல ஒரு டீ-ஷர்ட் போட்டோ அனுப்பினா, திரையில பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்னுக்கும். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தாலும் அங்கேயே நிக்கும். பையர் போன்ல கத்துவான், மொதலாளி என்னைக் கத்துவார். நான் மெர்ச்சண்டைசர். ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு ஏச்சு வாங்குறதுக்குப் பேருதான் அது.

அந்த வாரம் பார்த்து எனக்கு வேற பயம். பெங்களூர்ல ஒரு ஆபீஸ்ல வேலை கிடைச்சு, வர்றேன்னு மெயிலும் போட்டுட்டேன். திருப்பூர் மண்ணரையில நாங்க இருந்த லைன் வீட்டுல நெட் ஏது? கம்பெனியில உக்காந்துதான் போட்டேன். ஆனா என் டிகிரி சர்டிபிகேட் மொதலாளி பீரோவுக்குள்ள கிடந்துச்சு. சேரும்போதே ஒரிஜினலை வாங்கி வச்சுக்குவாங்க. போறேன்னு வாயைத் திறந்தா அது திரும்பி வராது. எனக்கு முன்னாடி இருந்த பொண்ணு அதுக்காக மாசக்கணக்கா நடையா நடந்து, கடைசியில வெறுங்கையோட ஊருக்குப் போனா. அதனால ஒருநாள் காலையில, பாஸ்போர்ட் எடுக்கணும்னு பொய் சொல்லிக் கேட்டேன். "சாயங்காலம் எடுத்துத் தர்றேன் கண்ணு"ன்னார். அது கைக்கு வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அன்னிக்கு மதியம் நெட்வொர்க் பார்க்கிறவர் வந்தார். ஒயரை மாத்தினார், மோடத்தை அணைச்சுப் போட்டார். ஒண்ணும் நடக்கலை. மொதலாளி ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. எல்லார் நெட்டும் அது வழியாத்தான் வெளிய போகும். வைரஸ் வராம இருக்கன்னு அதுல ஃபயர்வால் போட்டது போன வாரம்தான். எந்தெந்த மெயில் நிக்குதுன்னு காட்டச் சொல்லி என்னையும் உள்ள கூப்பிட்டாங்க. மொதலாளி நாற்காலியில சாஞ்சு உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தார்.

"லைன் மேல தப்பில்லீங்க"ன்னார் வந்தவர். "இந்த சாஃப்ட்வேர் போற வர்ற மெயிலை எல்லாம் பிரிச்சுப் படிக்குதுங்க. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்காங்க. அது இருந்தா நிறுத்தி, காப்பி எடுத்து இங்க போட்டுட்டுத்தான் விடுது. முக்காவாசி மெயில்ல அந்த வார்த்தை இருந்தா எப்படிங்க ஓடும்?"

"என்ன வார்த்தை?"ன்னு கேட்டேன்.

"ஜாப்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. திருப்பூர்ல ஜாப் ஒர்க் இல்லாம ஒரு மெயிலா? தையல், பிரிண்டிங், சாயம்னு வெளிய கொடுத்து வாங்குற வேலை எல்லாத்துக்கும் அதுதானே பேரு! ஒரு வாரமா நான் வாங்கிக் கட்டிக்கிட்டது இதுக்குத்தானா? இருந்த எரிச்சல்ல வாய் சும்மா இருக்குமா? "அட என்னங்க நீங்க! ஜாப் ஒர்க்னு வந்தா விட்டுடச் சொல்லுங்க. வெறும் ஜாப்னு இருந்தா மட்டும் பிடிக்கட்டும்"னேன்.

மொதலாளி நிமிர்ந்து உக்காந்தார். "அப்படிப் பண்ண முடியுமுங்களா?"

"தாராளமாப் பண்ணலாமுங்க. பழசையும் சேர்த்தே சலிச்சு விட்டுடுறேன்"னு அவர் தட்ட ஆரம்பிச்சார்.

வெளிய ஹால்ல "போயிருச்சு, போயிருச்சு"ன்னு ஒரே சத்தம். ஒரு வாரமா நின்ன போட்டோ எல்லாம் பறக்குது. யாரோ கை தட்டினாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வைரஸ் பிடிக்கிறதுக்கு ஜாப்னு ஒரு வார்த்தை எதுக்கு? வேற வேலை தேடுறது யாருன்னு பார்க்கத்தான். திரையில மலையாக் குவிஞ்சிருந்த காப்பிங்க மளமளன்னு மறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அத்தனை குப்பைக்குள்ள கிடந்ததாலதான் பெங்களூருக்கு நான் போட்டது யார் கண்ணுலயும் படலை. நிறுத்துங்கன்னு கத்தணும்போல இருந்துச்சு. எதைச் சொல்லி நிறுத்துறது? கடைசியில ஒரே ஒரு வரி மட்டும் நின்னுச்சு. என் பேரு.

"இப்ப ஓகேங்களா?"ன்னு கேட்டுட்டு வந்தவர் பையை எடுத்துக்கிட்டார். மொதலாளி அவரை டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லி அனுப்பினார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, அந்த மெயிலை நிதானமாப் படிச்சார். அவர் உதடு அசையறதை நான் பார்த்துக்கிட்டே நின்னேன்.

முகத்துல கோபமே இல்லை. சேர்ந்த நாள்ல இருந்து என்னை வா கண்ணு, போ கண்ணுன்னே கூப்பிட்டவர்.

"கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க மேடம்"னார். "பாஸ்போர்ட்டுக்குத்தானே சர்டிபிகேட் கேட்டீங்க?"