ருசி பார்க்காத சாறு

இறகு பிடுங்கிய கோழியைக் காய்ந்த தென்னை மட்டைத் தீயில் வாட்டும்போது எழும் வாசம் ஒன்றும் அவ்வளவு நல்ல வாசம் அல்ல. தலைமுடி பொசுங்கியது போல முதலில் மூக்கைச் சுளிக்க வைத்து, தோலில் மஞ்சள் தேய்த்துத் திரும்பவும் அனலில் காட்டிய பிறகுதான் அது பசியைக் கிளப்பும். கோலா சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் எனக்கு அந்த வாசம்தான். இன்றைக்கும் எங்காவது முடி கருகும் நெடி வந்தால் மற்றவர்கள் பதறிக்கொண்டு அடுப்பைப் பார்க்க ஓடுவார்கள். எனக்கோ வாயில் எச்சில் ஊறும், கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அம்மா வைத்த கோழிச் சாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதை "சூப்பு" என்று யாரும் சொன்னதில்லை, "சாறு" என்றுதான் சொல்வோம். பெயரைக் கேட்டு ஏதோ தெளிந்த தண்ணீராக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு கோழியை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற வயிறுகளையும், வாசம் பிடித்து எட்டிப் பார்க்கிற லயத்து வரிசை வீடுகளின் வயிறுகளையும் நிரப்ப வேண்டும் என்பதால், சனிக்கிழமையே முழுக் கோதுமையையும் பார்லியையும் ஊறப்போட்டு, மறுநாள் கோழி எலும்போடு சேர்த்து அவை வெடித்து மலரும்வரை அம்மா விறகடுப்பில் வேகவிடுவார். நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், வேலியோரம் புதராக வளர்ந்து கிடந்த எலுமிச்சை வாசப் புல்லான செராயின் தண்டு ஒன்று, இவ்வளவுதான் சேர்மானம். அடுப்பை அணைத்த பிறகு ஒரு முறம் முருங்கைக்கீரையைக் கொட்டி மூடிவிடுவார். "கீரை சூட்டுல வேகணும், தீயில வேகக் கூடாது" என்பது அவருடைய சட்டம். கோழியைத் துரத்திப் பிடிப்பது அப்பாவின் வேலை. செம்பனைக் குலை வெட்டப் போய் மரமேறிகளுக்கு ஈடாகப் பெயர் வாங்கிய அந்த மனிதர், ஒரு நாட்டுக்கோழியிடம், எங்கள் பேச்சில் "கம்பத்துக் கோழி"யிடம், ஒவ்வொரு வாரமும் தோற்றுப் போவதை லயமே நின்று வேடிக்கை பார்க்கும்.

அடுப்பை அணைக்கும் முன்பு அம்மா உப்புப் பார்ப்பார். அகப்பையிலிருந்து இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நக்கி, கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டக்" என்று ஒரு சத்தம் எழுப்புவார். சரியாக வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே "சாறு எறங்கிருச்சு லா" என்று சொல்லிக்கொள்வார்கள். லயத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் பெரிய அண்டாவுக்கு உப்புப் பார்க்க அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு வேறு எதில் கர்வப்பட வாய்ப்புக் கிடைத்தது?

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த "டக்" கேட்காது. தீபாவளிக்கு முதல் நாள், செத்துப்போனவர்களுக்குப் படையல் போடும் நாள். செத்தவர்கள் வாய் வைப்பதற்கு முன்னால் நாம் வாய் வைத்தால் அது எச்சில். எச்சிலை அவர்கள் தொட மாட்டார்கள், பசியோடு திரும்பிப் போவார்கள் என்பதால், அன்றைக்குச் சமைக்கும் எதையும் ருசி பார்க்கக் கூடாது. எல்லாம் கைக்கணக்குத்தான். அப்பாவைப் பெற்றவர்களுக்காக அன்று வைக்கும் கறியில் உப்பு ஏறியோ இறங்கியோதான் இருக்கும். அப்பா அதைச் சாப்பிட்டுக்கொண்டே, தன் தாய் தகப்பன் உயிரோடு இருந்தவரையில் இப்படி ஒரு கறியைத் தின்றதில்லை என்று அம்மாவைச் சீண்டுவார். செத்தவங்களே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கென்ன என்று அம்மாவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அப்பா ஆற்றுக்குப் போனார். ஓய்வு நாளில் சம்பான் என்ற சிறு படகில் போய்ப் பெரிய ஆற்று இறால் பிடிப்பது அவருடைய வழக்கம். சாறு இறங்குவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. சாறு ஆறியது, திரும்பச் சூடானது, கீரை கறுத்தது. மறுநாள் கம்போங் குவாந்தான் பக்கத்து மலாய்க்கார மீனவர் ஒருவர், ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களின் வேரில் எங்கள் சம்பான் சிக்கி நிற்பதைக் கண்டு சொன்னார். உள்ளே அப்பாவின் தொப்பியும், தூண்டில் கயிறும், மூடி போட்ட இறால் கூடையும் அப்படியே இருந்தன. மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆற்று முகம்வரை போய்த் தேடினார்கள், கடற்கரைச் சேற்றிலும் தேடினார்கள். அப்பா கிடைக்கவே இல்லை.

சிலர் முதலை என்றார்கள், சிலர் நெஞ்சுவலி வந்து விழுந்திருப்பார் என்றார்கள். சயாம் எல்லைப் பக்கம் இன்னொருத்தியோடு ஓடிவிட்டார் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். அம்மாவுக்குப் பிடித்த வதந்தி அதுதான், ஏனென்றால் அதில் மட்டும் அப்பா உயிரோடு இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோழி அடித்தார். நான்தான் துரத்திப் பிடித்தேன். கோதுமை ஊறியது, மிளகு நசுங்கியது, கடைசியில் உள்ளங்கையில் விட்டு நக்கி "டக்" என்றும் தட்டினார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் மங்குக் கிண்ணத்தில் சாற்றை ஊற்றித் தட்டுப் போட்டு மூடி வைத்தார். மறுநாள் காலையில் அதைச் சுடவைத்து என்னைக் குடிக்கச் சொன்னார். வாரத்துக்கு வாரம் இதுவே நடந்தது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த உணர்வு புரியும். பொழுது சாயும் நேரத்தில், அப்பா வழக்கமாக நொய்யரிசி வீசிய வேளை பார்த்து, கோழிகள் வரிசையாகப் பின்கதவுப் படிக்கு வந்து தலையைச் சாய்த்துக் காத்து நிற்கும். யாரும் வராதபோதும் திடீரென்று விலகி வழிவிடும். விடிந்து பார்த்தால் படி சில நாள் ஈரமாக இருக்கும். ஆற்றை ஒட்டிய ஊரில் பனிக்குப் படி நனைவது அதிசயமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது அந்த ஈரத்தைத் தாண்டிக் குதித்துத்தான் குழாயடிக்குப் போவேன். நான் ஆசையாகக் கட்டிப் பிடித்துத் தூங்கிய அப்பா எனக்கே பயமாகிப் போனார். அதை நினைத்து அழுவேன், அழுதுகொண்டே போர்வைக்குள் காலை இழுத்துக்கொள்வேன்.

சபாக்கிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா, அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் செய்யலாம் என்று ஐயரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். உருவத்தை எரித்தால் அம்மாவின் பொட்டும் தாலியும் போகும், அது அத்தைக்கும் தெரியும். அத்தையைக் கல்நெஞ்சுக்காரி என்று நான் அன்று மனதுக்குள் திட்டியது உண்மை. ஆனால் அத்தைக்கு வேறு வேதனை. கனவில் அப்பா சொட்டச் சொட்ட நனைந்து வந்து, பசிக்கிறது அக்கா என்கிறாராம். தட்டில் போட்டு நீட்டினால் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கிறாராம்.

"எச்சிச் சோத்த வெச்சுக்கிட்டு அவன ஏன் பட்டினி போடுற, பார்வதி?" என்றார் அத்தை.

அம்மா நிமிரவில்லை. "அவரு செத்தத நான் பாக்கல அண்ணி. பாக்காதத எப்படி நம்புறது?"

அத்தை சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். ஆனால் அந்தக் கேள்வி வீட்டைவிட்டுப் போகவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குப் படையல் வைத்தால் அது அவரைக் கொல்வது போல. செத்துப்போனவருக்கு ருசி பார்த்துச் சாறு வைத்தால் அவரைப் பட்டினி போடுவது. மூடி வைத்த அந்த மங்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா உப்புப் பார்க்கும் வேளையில் நான் அடுப்பங்கரையிலேயே நிற்பேன். அந்த "டக்" கேட்கும்வரை அங்கிருந்து நகர மாட்டேன். கேட்டுவிட்டால் அப்பாவுக்கு இன்னும் ஒரு வாரம் உயிர் உண்டு.

தீபாவளி வந்தது. எங்களுக்கு அந்த வருஷம் புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை. முதல் நாள் காலையில் அத்தை சபாக்கிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலைக் கூட்டினார். அம்மா ஊறவைத்த கோதுமையை எடுத்து உலையில் போட்டார். கோழி வெந்தது. மிளகு வாசம் லயம் முழுக்கப் பரவியது. நான் வழக்கம்போல அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினேன். அம்மா அகப்பையால் துழாவி, இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டார். கையை வாய்க்குக் கொண்டு போனார். அப்படியே நிறுத்தி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் எண்ணெய் மினுங்கியிருக்கலாம். பிறகு கையைத் தாழ்த்திச் சாம்பலில் கவிழ்த்து, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டார். உப்புச் சட்டியிலிருந்து இன்னும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். அடுப்பை அணைத்துக் கீரையைக் கொட்டி மூடினார்.

அப்பா இறந்துபோனதை எனக்குச் சொன்னது அந்தக் கழுவிய கைதான். வேறு யாரும் சொல்லவில்லை. நான் சத்தம் போட்டு அழுதேன், அத்தை ஓடி வந்து என்னை இறுக்கிக்கொண்டார். அம்மா அழவில்லை. வாழை இலை போட்டு, சாமி மேடைக்கு முன்னால் அல்ல, பின்கதவுப் படிக்குப் பக்கத்தில் சாற்றை வைத்தார். அப்பாவின் படத்துக்கு மாலை போட அத்தை எடுத்து வந்த பூ பொட்டலத்திலேயே வாடியது, ஏனென்றால் படத்தை அம்மா பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. பொட்டும் அழியவில்லை, தாலியும் கழுத்திலேயே கிடந்தது. பிறகு நாங்கள் மூவரும் அதையே சாப்பிட உட்கார்ந்தோம். லயத்துக்கே உப்புப் பார்த்துச் சொன்ன அம்மா, எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா அண்ணி?"

அத்தை தலையாட்டினார். எனக்கு அழுது மூக்கடைத்துப் போனதில் எந்த ருசியும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோழியைப் பிடித்துத் தரச் சொன்னார். சாறு வைத்து, நக்கிப் பார்த்து, நாக்கைத் தட்டி, மங்கை மூடி வைத்தார்.  அத்தைக்குச் செய்தி போயிருக்க வேண்டும், ஆனால் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பா வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இறந்துபோனார், மற்ற நாளெல்லாம் வெளியே போயிருந்தார். அம்மாவால் முடிந்த நியாயம் அது. அப்பா பசியோடும் போகக் கூடாது, வீடு அவரைக் கைவிட்டதாகவும் இருக்கக் கூடாது. எனக்கு விவரம் தெரிந்த பிறகு இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தை விற்றார்கள். லயத்தில் எல்லாரும் காலி செய்த பிறகும், தண்ணீரை நிறுத்தும்வரை அம்மா அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. அப்பாவுக்கு வேறு வீடு தெரியாது என்பது ஒன்றுதான் அம்மா சொன்ன காரணம். இப்போது என்னோடு கிள்ளானில் இருக்கிறார். இறகும் இல்லை, நெருப்பும் இல்லை, கோழி பிளாஸ்டிக் பையில் சுத்தமாக வருகிறது. என் பிள்ளைகள் அம்மாவின் சாற்றை உடம்புக்கு நல்லது என்று படம் எடுத்துக்கொண்டு குடிக்கிறார்கள்.

சென்ற தீபாவளிக்கு முன்பு அம்மாவை அழைத்துக்கொண்டு பழைய இடத்தைப் பார்க்கப் போனேன். லயம் இருந்த இடத்தில் ஒரே மாதிரி மாடி வீடுகள், சுற்றி மதில், வாசலில் ஒரு காவல் சாவடி. எங்கள் அடுப்பங்கரை எங்கே இருந்தது என்று நிதானிக்க ஒரு மரம்கூட மிச்சமில்லை. அம்மா காரிலிருந்து இறங்கி நேரே சாவடிக்குப் போனார். உள்ளே இருந்தவர் நேப்பாளத்துக்காரர். தனக்குத் தெரிந்த மலாயில், தன் கணவர் தன்னைத் தேடிக்கொண்டு இங்கே வந்தால் கிள்ளானுக்கு அனுப்பிவைக்கும்படி அம்மா கேட்டுக்கொண்டார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, ஆள் எப்படி இருப்பார் என்று விசாரித்தார்.

நல்ல உயரம், கட்டுமஸ்தான உடம்பு, சுருட்டை முடி என்று நரைத்த தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார் அம்மா, முடியில் ஒன்றுகூட வெள்ளை இருக்காது.