மூன்றாம் கவுண்டரின் தேதிகள்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் மிளகாய். இரண்டும் அவருக்குத் தெரியும். ஒருநாள் என் மேசையருகே வந்து, "மிளகாய்னு சொல்றதா இருந்தா சத்தமாவே சொல்லுங்க. குசுகுசுன்னு பேசினா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பதினோரு பேர். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். கணினியில் நிறுவி ஓட்டும் பழைய மென்பொருள் பாதி, உலாவியில் திறக்கும் இணையப் பக்கங்கள் பாதி. இவை இரண்டையும் சண்டையில்லாமல் பேசவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அச்சில் கடைசி வரி வெட்டுப்படுகிறது, நேற்றுச் சேமித்தது இன்று காணோம். இப்படிப்பட்ட அன்றாடக் கோளாறுகளை அக்கா பத்தொன்பது வருடமாகச் சரிசெய்து வருகிறார். நான் எதிர் மேசை. மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

அக்கா ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு சரக்கு அலுவலகத்தில் படிவங்களைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றும் வேலை பார்த்தார். ஒருநாள் எண்ணூறு படிவங்களில் பெயர்கள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கி, ஒருவர் விலாசம் இன்னொருவர் தலையில் விழுந்திருந்தது. "உன் கை சரியில்ல" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தன் கை சரிதான் என்று அவருக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அடுத்த மாதமே மாலை வகுப்பில் சேர்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். "எல்லாரும் ஆர்வத்துல படிப்பாங்க. நான் ஆத்திரத்துல படிச்சேன்" என்பார்.

அந்த ஜூலையில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பையன் காய்ச்சலென்று வரவில்லை. அதனால் போன் அக்காவின் மேசைக்கு வந்தது. ஒரு கண் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஒரு பெண் பேசினாள். குரல் கரகரத்திருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்; எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நான் மூணாம் கவுண்டர்ல இருக்கேன் மேடம். இருந்தேன். போன வாரம் நிறுத்தி வெச்சிட்டாங்க."

"எதுக்கு?"

"சீட்டுல தேதி தப்பா போட்டேனாம். ஒரு வெல்டர். கண்ணு ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் மார்ச் ஏழாம் தேதி வரச்சொல்லி எழுதியிருக்காரு. சீட்டுல ஜூலை மூணுன்னு இருக்கு. அவரு ஜூலை மூணுதான் வந்தாரு. அதுக்குள்ள ஒரு கண்ணு பாதி போயிடுச்சு. அவர் பொண்ணு கவுண்டர்ல என் சட்டையப் பிடிச்சிட்டா."

அக்கா பேனாவை எடுத்தார். "சரி, டைப் பண்ணும்போது..."

"அதத்தான் மேடம் ஆறு மாசமா சொல்றேன். நான் தேதிய டைப்பே பண்றதில்ல. டாக்டர் அவரு ரூம்ல போடுவாரு. நான் பேஷன்ட் பேரத் தொட்டு பிரிண்ட் கொடுப்பேன். அவ்ளோதான். யாருமே நான் என்ன பண்றேன்னு கேக்கல."

அக்காவின் பேனா நின்றுவிட்டது.

"ஆறு மாசமாவா? யாருகிட்ட சொன்னீங்க?"

"உங்களுக்குத்தான். மூணு மெயில் போட்டேன். மூணுக்கும் ஒரே பதில். பயனர் தவறு, கவனமா பதிவு பண்ணச் சொல்லுங்கன்னு. அந்தப் பதில வெச்சுத்தான் என்ன நிறுத்தினாங்க."

போனை வைத்ததும் அக்கா பழைய புகார்களைத் தேடி எடுத்தார். பிப்ரவரி, ஏப்ரல், மே. மூன்றும் இருந்தன. மூன்றின் கீழும் முதலாளியின் பெயர். மூன்றையும் ஒரே நாளில் மூடவில்லை. மூன்று தடவை தனித்தனியாகத் திறந்து, படித்து, அதே வரியை ஒட்டி மூடியிருந்தார்.

முதலாளி அக்காவைவிட எட்டு வயது சின்னவர். முன்பு எங்களோடு உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர்தான். கண்ணாடி அறைக் கதவு திறந்தே இருந்தது.

"அக்கா, அது முடிஞ்சுபோன விஷயம். தப்பு சீட்டு அத்தனையும் ஒரே கவுண்டர்ல வந்திருக்கு. மத்த ரெண்டு கவுண்டர்ல ஒண்ணுகூட இல்ல. அதே மென்பொருள்தானே? அப்ப தப்பு ஆளுதான்."

"அந்தப் பொண்ணு தேதிய டைப்பே பண்றதில்லயாம்."

"அப்படித்தான் சொல்லுவாங்க."

அக்கா மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்டயும் ஒருத்தன் இதே மாதிரிதான் சொன்னான்." பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நானும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மருத்துவமனையில் மூன்றாம் கவுண்டரில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வயதானவர், மாற்று ஆளாக வந்தவர். அக்கா அவர் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் எல்லாம் சரியாகவே வந்தது. இருபத்திரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் பச்சைத்துணியால் கண்ணை மறைத்த ஒரு அம்மா வந்தார். டாக்டர் குறித்தது ஆகஸ்ட் ஒன்பது. பெரியவர் பெயரைத் தொட்டார், அச்சிட்டார். சீட்டில் செப்டம்பர் எட்டு.

"நான் எதையும் தொடலயேம்மா" என்று பெரியவர் பதறினார்.

"தெரியுங்கய்யா. நான் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார் அக்கா.

விஷயம் இவ்வளவுதான். டாக்டரின் இணையப் பக்கம் தேதியை நாள் முதலில், மாதம் பிறகு என்று எண்களாக அனுப்பும். கவுண்டரிலிருக்கும் மென்பொருள் அதை அந்தந்தக் கணினியின் வழக்கப்படி வாசிக்கும். ஒன்று, இரண்டாம் கவுண்டர்களில் பழைய கணினிகள். நாளை முதலில் வாசித்தன. மூன்றாம் கவுண்டருக்கு ஜனவரியில் புதுக் கணினி வைத்தார்கள். அது மாதத்தை முதலில் வாசித்தது. ஒன்பது எட்டு என்பது எட்டு ஒன்பதாகிவிட்டது. தேதி பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும் சரியாக வரும். ஏனென்றால் பதினெட்டாவது மாதம் என்று ஒன்று கிடையாது.

அங்கேதான் அக்கா முகம் சுளித்தார். "அப்படின்னா பதினெட்டாம் தேதிக்கு மென்பொருள் நின்னுபோயிருக்கணுமே. தேதி புரியலன்னு கத்தியிருக்கணும். கத்தியிருந்தா ஜனவரியிலயே மாட்டியிருக்கும். ஏன் கத்தல?"

அலுவலகத்துக்குத் திரும்பி, அந்த இடத்தைத் திறந்து பார்த்தார். வாசிக்க முடியாத தேதி வந்தால், நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி மறுபடி வாசித்துப் பார். சரியாக அமைந்தால் பேசாமல் மேலே போ என்று நான்கு வரி எழுதியிருந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டும் நான்கு வரி.

யார் எதை எப்போது எழுதினார்கள் என்று எங்கள் கணினியில் பதிவு இருக்கும். அக்கா அதைத் திறந்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய மாற்றம். எழுதியவர்: முதலாளி. வாடிக்கையாளர் ஒருவருக்குக் காட்டும்போது திரையில் பிழைச்செய்தி வந்து மானம் போனதாம்; அதற்காக அவசரமாகச் செய்தது. அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவர்: அக்கா. குறிப்பு என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை. 'சரி'. சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அக்கா அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கணினியில், ஒரே தேதியை வைத்துச் சோதித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"படிச்சுப் பாத்திருக்கவே மாட்டேன்" என்றார் அக்கா. "வேற ஏதோ வேலையில இருந்திருப்பேன். சரின்னு போட்டுத் தள்ளியிருக்கேன். கை சரியில்லன்னு எவளோ ஒருத்திய வீட்டுக்கு அனுப்பியிருக்கேன், பாரு."

மேசையை ஓங்கி அறைந்தார். தேநீர்க் கோப்பை உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை.

சரிசெய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தேதியை வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசையில் அனுப்பவும், எந்தக் கணினியானாலும் அதே வரிசையில் வாசிக்கவும் மாற்றினார். அந்த நான்கு வரியை அழித்தார். இந்தத் தடவை நான் மூன்று கணினிகளில், வருடத்தின் எல்லா நாளையும் போட்டுச் சோதித்தேன். பிறகு அவர் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி, முதலாளியிடம் கொண்டுபோனார்.

முதலாளி படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆனாலும் கேட்டது.

"அடுத்த பதிப்புல மேம்படுத்திட்டோம்னு ஒரு வரி போதும் அக்கா. சரி பண்ணியாச்சு இல்ல?"

"அந்தப் பொண்ண யாரு சரி பண்றது?"

"அது ஆஸ்பத்திரி பிரச்சினை. நம்ம தப்புன்னு எழுத்துல கொடுத்தா நாளைக்கு நம்மள இழுத்துக் கோர்ட்ல நிறுத்துவாங்க. பதினோரு குடும்பம் இருக்கு."

"பயனர் தவறுன்னு எழுத்துல கொடுக்கும்போது அங்க ஒரு குடும்பம் இருக்கறது தெரியலயா? அவ மூணு தடவ கதவத் தட்டியிருக்கா. ஒரு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாத்திருந்தா ஒருத்தன் கண்ணு மிஞ்சியிருக்கும்."

"நீங்களும்தானே சரின்னு போட்டீங்க?"

"ஆமா. ரெண்டாவது வரியில அதத்தான் எழுதியிருக்கேன். மறுபடி படிங்க."

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனதும், பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் கணவர், செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாராம். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "வேலை போயிடுமா?" என்றார்.

"போகலாம்."

"அப்ப அனுப்பிட்டுச் சாப்பிட வா. அனுப்பாம வந்தா நீ தட்டத்தான் திட்டப்போற."

அக்கா அனுப்பினார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: பிழை எங்கள் மென்பொருளில். அதை எழுதியது இன்னார், படிக்காமல் ஒப்புதல் கொடுத்தது நான், சரியாகச் சோதிக்காதது இன்னார். மூன்றாம் கவுண்டர் ஊழியர் தேதியைத் தொடவே இல்லை. மூன்று முறை எச்சரித்தார். நாங்கள் பொய்யான பதில் கொடுத்தோம். தப்பான தேதி போன முப்பத்தொரு பேரின் பட்டியல் கீழே இருக்கிறது, இன்றே எல்லோரையும் கூப்பிடுங்கள். என் பெயரைப் போடலாமா என்று முன்பே என்னிடம் கேட்டார். போடுங்கள் என்றேன். துணிச்சலால் சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இல்லை.

நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் கூட்டம். நிர்வாக அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்து, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். எழுந்து நின்றாள்.

"கவுண்டர்ல நாப்பது பேர் முன்னாடி என்ன எந்திரிக்கச் சொன்னீங்க சார். அதே நாப்பது பேர் முன்னாடி, என் தப்பு இல்லன்னு சொல்லிட்டு உட்காரச் சொல்லுங்க. ரூமுக்குள்ள சொல்லாதீங்க."

அதிகாரி நெளிந்தார். அக்கா அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் கையைப் பிடிக்க விடவில்லை.

"நீங்க வந்து பாத்தீங்க, சரி. ஆனா ஆறு மாசம் எனக்கே எம்மேல சந்தேகம் மேடம். வீட்டுல கேஸ் அடுப்ப மூடினேனான்னு நாலு தடவ எந்திரிச்சுப் பாப்பேன். கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். அதே ஆஸ்பத்திரியில. அதையெல்லாம் எந்தப் பதிப்புல சரி பண்ணுவீங்க?"

அதிகாரி கடைசியில் வெளியே வந்து, கூட்டம் நிறைந்த கூடத்தில், ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னார். அவள் அதன் பிறகுதான் மூன்றாம் கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெல்டர் வீட்டுக்கும் அக்கா போனார். என்னையும் கூட்டிப் போனார். இரண்டறை வீடு, கூடத்தில் அவர் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தார். ஏப்ரலிலேயே வலி வந்ததாம். மகள் போகச் சொல்லியிருக்கிறாள். "தேதி குடுத்திருக்காங்களே, அதுக்கு முன்னாடி போனா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு இருந்துட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மகள் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தாள். "இதுல 'நான்'னு இருக்கறது யாரு?"

"நான்தான்மா."

"இத வெச்சு வழக்குப் போடுவேன்."

"போடு. கூப்பிட்டா வந்து சொல்றேன்."

"அன்னைக்கு அந்தக் கவுண்டர் பொண்ணு சட்டையப் பிடிச்சேன். உங்களத்தான் பிடிச்சிருக்கணும்" என்றாள். அக்கா நகரவில்லை, பிடிக்கட்டும் என்பது போலவே நின்றார். அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழக்கு நடக்கிறது. அக்கா இரண்டு முறை போய்ச் சாட்சி சொன்னார். நானும் போனேன். முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை; அனுப்பினால் வழக்கில் இன்னும் மோசமாகத் தெரியும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். இருவரும் இப்போது மின்னஞ்சலில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்தான் இருக்கிறது என்றாலும்.

கடிதம் அனுப்பிய அந்த மாதம் முழுக்க அக்கா வேறெதையும் தொடவில்லை. எங்கள் மென்பொருள் எல்லாவற்றிலும், புரியாததைப் புரிந்த மாதிரி விழுங்கிவிட்டுப் போகும் இடங்களைத் தேடினார். நாற்பத்தொன்று கிடைத்தன. அவற்றில் ஏழு அவரே எழுதியவை. ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் மென்பொருள் நின்று, என்ன புரியவில்லை என்று சொல்லும்படி எழுதினார். அதிலிருந்து எங்களுக்கு வசவுதான். ஒரு நாளைக்கு ஐந்தாறு அழைப்பாவது வரும். முன்னாடி ஒழுங்காத்தானே ஓடிச்சு, இப்ப ஏன் நிக்குது என்பார்கள். எல்லா அழைப்பையும் அக்காவே எடுக்கிறார்.

நேற்றும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் கத்தினார். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஆமா சார், நின்னுடும். நிக்கட்டும். திரையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அப்புறம், உங்க ஆளு அங்க என்ன பண்றாரு, ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."