சுமன் தாய்

இன்று ஆடி அமாவாசை. மருமகள் இஸ்திரி போட்ட வேட்டி கருகிய வாடை என்னை ஒன்பது வயதுக்கு, தாராவிக்குக் கொண்டுபோய்விட்டது.

ஓவியர் சுமன் தாய், அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளான எங்களுக்குப் பழஞ்சேலைத் துண்டுகளில் அவரவர் முகத்தைத் தைக்கச் சொல்லித்தந்து, எல்லாவற்றையும் ஒரே போர்வையாக்கியிருந்தார். மராட்டியில் தாய் என்றால் அக்கா. நாங்கள் அம்மா என்று நினைத்தே கூப்பிட்டோம்.

தமிழர்களை விரட்டக் கலவரம் மூண்ட அன்று, அவர் வீட்டு வாசலில் தொங்கிய போர்வையில் நான் என் நெற்றியில் வெள்ளை நூலால் தைத்த திருநீற்றைக் கண்டதும் கும்பல் அதைக் கொளுத்தியது. மறித்த தாயின் கையைக் கம்பியால் முறித்தார்கள். வீட்டுக்குள் ஒளிந்திருந்த நாங்கள் “தாய்! தாய்!” என்று அலறினோம்.

“மதராஸிக் குட்டிகளை வெளியே விடு!”

“எல்லாம் என் பிள்ளைங்க.”

“அக்கான்னு கத்துதுங்க, உன் பிள்ளைங்களா?”

“அவங்க பாஷையில அது அம்மாடா!”

அடுத்த அடி தலையில் விழுந்தது. நாங்கள் பின்பக்கமாக ஓடிப் பிழைத்தோம், அவர் எழவில்லை.

அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, முருகன் அறிய, இரண்டு பெயர் சொல்கிறேன்.